கேமராவுக்குப் பல் பார்த்த செவ்வாய்க்கிழமை

மாட்டை விற்கிறவன் பொய் சொல்வான், வாங்குகிறவன் பொய் சொல்வான், நடுவில் துண்டைப் போர்த்தி விரல் பிடித்து விலை பேசுகிற தரகனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆனால் வாயைத் திறந்து பல்லில் வயசைக் காட்டுகிற மாடு பொய் சொல்லாது என்பது எங்கள் மூக்கணூர்ச் சந்தையில் வழக்கு. அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு கேமரா விலைக்கு வந்ததையும், ஒருத்தர் நிழலை ஒருத்தர் மிதிக்காத மேலத்தெருவும் கீழத்தெருவும் அதை வாங்கலாமா வேண்டாமா என்று ஒரே வேப்பமரத்தடியில் கூடியதையும் சொல்கிறேன், நாற்பது வருசம் துண்டு பிடித்தவன் என்பதால் விலையை மட்டும் சொல்ல மாட்டேன், அது துண்டோடு போச்சு.

ஆவணி மாதத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை விடிந்தபோது எங்கள் ஊர்ச்சனம் மொத்தமும் போன்களுக்குள்ளிருந்து எழுந்து போயிருந்தது. ஆள்தான் போனது, உடுப்பு போகவில்லை. கல்யாணப் போட்டோவில் பட்டுச்சேலை மணவறையில் உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் பட்டுவேட்டி உட்கார்ந்திருந்தது, தாலி அந்தரத்தில் தொங்கியது. காதுகுத்துப் போட்டோவில் தாய்மாமன் வேட்டி மடியில் ஒரு சின்னக் கவுன் குந்தியிருக்க, தோடு இரண்டும் ஒரு சாண் இடைவெளியில் ஈ மாதிரி நின்றன. ஆடு இருந்தது, மாடு இருந்தது, பைக் இருந்தது, பைக்கில் சாய்ந்திருந்த கறுப்புக் கண்ணாடி இருந்தது, அதைப் போட்டிருந்த மூஞ்சி இல்லை. பழைய படத்திலும் இல்லை, புதிதாக எடுத்தாலும் இல்லை, வெளியூர்க்காரன் போனைக் கெஞ்சி வாங்கி எடுத்தாலும் இல்லை.

முதல் நாள், மழைத்தண்ணி இறங்கியிருக்கும் என்று போன்களை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார்கள். மூன்றாம் நாள் பூசாரிக்கு அருள் வந்து, இது ஆத்தா கோபம் என்றார். என்ன கோபம் என்று கேட்டதற்கு, கேட்டவர்களை ஒவ்வொருத்தராக ஒரு பார்வை பார்த்துவிட்டு அருளை அவசரமாக இறக்கிக்கொண்டார். ஒன்பதாம் நாள் பழகிவிட்டது. கார்டு போட்டோவிலும் காலர் மட்டும் நின்றதால், எங்கே போனாலும் காலரை வைத்து ஆளைச் சரிபார்த்தார்கள். கார்டு எடுத்த அன்றைக்கு எந்தச் சட்டை போட்டிருந்தோமோ அந்தச் சட்டையைக் கார்டுச் சட்டை என்று பேர் வைத்துப் பெட்டியில் பூட்டி, ரேசன் வாங்கப் போகும்போது மட்டும் மாட்டிக்கொண்டோம். கல்யாணத் தரகர்கள் நகைநட்டு மாட்டிய வெற்றுச் சேலைப் படத்தை எடுத்துக்கொண்டு போனார்கள், மாப்பிள்ளை வீட்டார் அதைத்தான் முன்பும் பார்த்தார்கள் என்பதால் ஒரு சம்பந்தம்கூடக் கெடவில்லை. பள்ளிக்கூடப் படத்தில் நாற்பது வெள்ளைச் சட்டை வரிசையாக நின்றபோதும், பெற்றவள் தன் பிள்ளையைப் பிய்ந்த பொத்தானை வைத்துக் கண்டுபிடித்தாள். செத்தவர் படத்துக்கு மாலை போட்டால் அது ஒரு சட்டைக்குப் போட்ட மாலையாக இருந்தது, கும்பிட்டவர்கள் "சட்டை அவரைப் போலவே சிரிக்குது" என்று சொல்லி அழுதார்கள்.

தாங்க முடியாமல் போனது இரண்டு தரப்புக்குத்தான்: பேனர் வைக்கிறவர்களுக்கும் ஒச்சம்மாவுக்கும்.

பேனர் என்றால் எங்கள் ஊரில் சோற்றுக்கு அடுத்தது. பிறந்தால் பேனர், காது குத்தினால் பேனர், பெண் சமைந்தால் பேனர், மண்டையைப் போட்டால் பேனர். நடுவில் பெரிய முகம் ஒன்று, அதைச் சுற்றித் தர்ப்பூசணி விதை மாதிரி சொந்தபந்தத்து முகம் எழுபது எண்பது. யார் முகம் பெரிசு, யார் முகம் யார் முகத்துக்கு மேலே என்பதில் மண்டை உடையும். மேலத்தெருவுக்குப் பெரியகாத்தான், கீழத்தெருவுக்கு மொக்கராசு, இரண்டு பேரும் மாட்டு வியாபாரிகள், மூன்று தலைமுறையாக ஒரு வீட்டுச் சாவுக்கு ஒரு வீடு போனதில்லை, ஒருத்தர் பேனரை ஒருத்தர் பார்ப்பதற்காகவே தெருவைச் சுற்றிப் போகிறவர்கள். அவர்கள் பேனரில் இப்போது எண்பது சட்டை நின்றது. மொக்கராசு மேலத்தெருக்காரர்களைப் பார்த்து, "துணி காயப்போட்ட மாதிரி இருக்குடா ஒங்க பேனரு" என்றார். மறுநாள் அவர் பேனரைப் பார்த்துப் பெரியகாத்தான், "சலவைக்கடை தொறந்திருக்காரு போல" என்றார்.

ஒச்சம்மா சங்கதி வேறு. சந்தை வாசலில் கயிறு விற்கிறவள். மூக்கணாங்கயிறு, தும்பு, கழுத்துமணி, சலங்கை, எல்லாம் அவள் கடைதான், வாயும் அதே மாதிரி முறுக்கேறிய வாய். அவள் புருசன் சங்கையா, இரண்டு தெருவுக்கும் பேனர் கட்டிக் கொடுக்கிற ஆள், அந்த ஆவணி மாதம் முதல் வாரத்தில், அவள் தாய்வீடு போயிருந்த நேரமாகப் பார்த்து, மேற்கே போன மாட்டு லாரியில் ஏறிப் போனவன் திரும்பவில்லை. "பொண்டாட்டி வாய்க்குப் பயந்து ஓடிட்டான்" என்று ஊர் சொன்னது. டீக்கடையில் சொன்னது, குழாயடியில் சொன்னது, அவள் காதில் விழும்படி சொன்னது, ஏழு மாதம் விடாமல் சொன்னது. அவள் ஸ்டேசனுக்குப் போனாள், போட்டோ கேட்டார்கள், போனில் இருந்த ஒரே படத்தைக் காட்டினாள்: கயிற்றுக் குவியல் மேல் ஒரு கட்டம் போட்ட சட்டை சம்மணம் போட்டிருந்தது.

"சட்டையத் தேடச் சொல்றியாம்மா?" என்றார்கள்.

சந்தைக்குத் திரும்பி வந்து கடையை விரித்தவள் போகிற வருகிறவர்களிடம் கத்தினாள். "பேனர்ல மூஞ்சி இல்லேன்னு ஒப்பாரி வைக்கிறீகளே, ஒங்க மூஞ்சிய ஒங்க பொண்டாட்டிகளே ஏறெடுத்துப் பாக்கறதில்ல. எனக்கு ஒரு மூஞ்சி வேணும்யா. ஒரே ஒரு மூஞ்சி. அவரு என்னைய விட்டுட்டுத்தான் போனாரான்னு அந்த மூஞ்சியக் கேக்கணும்."

"அதுதான், அந்த வாய்தான்" என்று பெரியகாத்தான் காரித் துப்பிவிட்டுப் போனார்.

பங்குனிப் பொங்கல் நெருங்கியபோதுதான் யாரோ கவனித்தார்கள், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து லூர்து ஸ்டூடியோ கண்ணாடிக்குள் மாட்டியிருந்த அந்தக் காலத்து ரோல் படங்களில் எல்லா முகமும் அப்படியே இருந்தது. லூர்து எங்களைக் கண்டால் கடையைப் பாதி சாத்துகிற ஆள். போன் வந்த நாளிலிருந்து அவர் கடைப்படி ஏறாத ஊர் இது. அவர் மகள் கல்யாணத்துக்குப் போனவர்கள்கூட அவரைக் கூப்பிடாமல் போனிலேயே எடுத்துக்கொண்டு வந்தார்கள். இப்போது இரண்டு தெருவும் இரண்டு வரிசையாகப் படியில் நின்றபோது அவர் வெளியே வந்து, பல்லில் மாட்டிய பாக்கைத் துப்பி, "என்னா, மூஞ்சி தொலஞ்சு போச்சாக்கும்?" என்றார்.

பெரிய ஸ்டூடியோ கேமராவை எலி தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். வெற்றிலைப் பெட்டி அளவு, கறுப்புத் தோல் ஒட்டியது, சட்டைப்பையில் அடங்குவது. ஒரு குமிழை அமுக்கினால் முன்பக்கம் கீழே விழுந்து, மடிப்பு மடிப்பான தோல் துருத்தி நீண்டு, அதன் நுனியில் கண்ணாடிக் கண், ஆமை தலையை நீட்டுகிற மாதிரி. மொக்கராசு அதைத் தள்ளி நின்று பார்த்தார்.

"இம்புட்டுக்காண்டு பொட்டிக்கா இந்த வெல?"

"ஒடம்பு சிறுசு, உள்ள இருக்கிற நெகட்டிவ் பெருசு" என்றார் லூர்து. "சின்ன ரோல்ல எடுத்துப் பேனருக்கு இழுத்தா மூஞ்சி மணல் மணலா உதுரும். இதுல எடுத்தா ஒன் மூக்கு மசிரு வரைக்கும் செவர் ஒசரத்துக்கு நிக்கும்."

"எத்தன போட்டோ எடுக்கும்?"

"பன்னெண்டு."

"ஒரு நாளைக்கா?"

"ஒரு ரோலுக்கு. பதிமூணாவது ஆளு அடுத்த ரோலுக்குக் காத்துக் கெடக்கணும். ரோலும் என்கிட்ட மூணுதான் இருக்கு, பிரிட்ஜ்ல மீனுக்குப் பக்கத்துல."

"தூரத்த யாரு பாக்குறது?"

"நீதான். கண்ண எதுக்கு வச்சிருக்க? தூரம் தப்புனா மூஞ்சி பொகையா வரும். ஒன் மூஞ்சிக்கு அதுதான் நல்லது."

பதினைந்து நாள் ஊருக்குள் இதே பேச்சு. வாங்கினால் இரண்டு தெருவும் சேர்ந்துதான் வாங்க வேண்டும், ஒரு தெரு வாங்கினால் மறுதெரு தீ வைத்துவிடும். பன்னிரண்டில் ஆறு உனக்கு ஆறு எனக்கு என்றார்கள், ஆறில் யார் என்று அந்தந்தத் தெருவுக்குள்ளேயே அண்ணன் தம்பி அரிவாளைத் தேடினார்கள். ஒரு படத்துக்குள் பத்துப் பேரை நிறுத்தி வெட்டி எடுக்கலாமே என்று ஒருத்தன் சொன்னதற்கு, "நான் என்னா பங்கு போட்ட கறியா, வெட்டி எடுக்க?" என்று பெரியகாத்தான் அவன் வேட்டியை உருவினார். பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சரி, பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவரச் சொல்லு, மாட்டைப் பார்க்கிற மாதிரி பார்ப்போம், பிடித்தால் துண்டு போடுவோம் என்று முடிவானது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நான் துண்டு பிடிப்பதென்றும் ஆனது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறிப் பத்து மணி, வேப்பமரத்தடியில் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் கேமராவை நிறுத்தினார்கள். லூர்து பின்னாலேயே கை கட்டி நின்றார். பெரியகாத்தான் குனிந்து துருத்தியை முகர்ந்தார். "தோல் நாட்டுத்தோல்தான்." மொக்கராசு விடுவாரா, அவர் மூடியிலிருந்த திருகாணியை விரலால் தடவி, "சுழி சரியில்ல, இது பாடைச் சுழி, வாங்குன வீடு வெளங்காது" என்றார். "அது ஸ்குரூய்யா" என்றார் லூர்து. "ஸ்குரூவோ கிஸ்குரூவோ, சுழி சுழிதான்." ஒருத்தன் துருத்தியில் வாயை வைத்து ஊதி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தான். ஒருத்தன் அதன் பின்னால் நின்று திடீரென்று கை தட்டிப் பார்த்தான், மிரளுகிறதா என்று. ஒச்சம்மா தன் கடையில் இருந்தபடியே, "வாலைத் தூக்கிப் பாருங்கடா" என்று குரல் கொடுத்தாள், சந்தையே சிரித்தது.

கடைசியாகப் பெரியகாத்தான் நிமிர்ந்து, "சரி, வாயத் தொறந்து காட்டு" என்றார்.

"தொறக்கக் கூடாது" என்றார் லூர்து. "உள்ள ரோல் கெடக்கு. முதுகுக் கதவத் தொறந்தா வெளிச்சம் பட்டு எடுத்த படமெல்லாம் செத்துரும். இந்தா, பின்னாடி செவப்புக் கண்ணாடி இருக்கு, அதுல நம்பர் தெரியுது பாரு, பதினொன்னு எடுத்தாச்சு, ஒன்னு மிச்சம்."

"வாயத் தொறக்க விடாதவன் கெழட்டு மாட்ட விக்கிறான்னு அர்த்தம்."

"தொறக்காம வாங்குனா ஊரு சிரிக்கும்" என்றார் மொக்கராசு. மூன்று தலைமுறையில் அவர்கள் இரண்டு பேரும் ஒரு பேச்சுக்கு ஒத்துப்போனது அது இரண்டாவது தடவை.

லூர்துக்குக் கோபம் தலைக்கேறியது. "கெழட்டு மாடா? டேய், உள்ள என்னா இருக்குன்னு சொல்லட்டுமா? பத்துப் படம் இந்தச் சந்தை மாடு. மனுசன எடுக்கப் பிடிக்காம மாட்ட எடுத்தேன். மொதப் படம் மட்டும் மனுசன். ஆவணி மாசம், இந்த மரத்தடியிலருந்து தள்ளாடி என் கடை வாசலுக்கு வந்து தண்ணி கேட்டான். தண்ணி குடுத்துட்டு, நில்லுறான்னு சொல்லி, எட்டடிக் கயித்த இழுத்துத் தூரம் பாத்து எடுத்தேன். ஒங்க ஊருச் சங்கதி நமக்கெதுக்குன்னு இதுநாள் வரைக்கும் வாய மூடிக் கெடந்தேன். ஒச்சம்மா, ஒன் புருசன்தான்."

ஒச்சம்மா கையிலிருந்த சலங்கை விழுந்து கலகலத்தது.

இந்த இடத்தில் நான் ஒளித்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ஆவணி முதல் வாரத்தில் மொக்கராசு மகள் சமைந்த பேனரும் பெரியகாத்தானின் அறுபதாம் கல்யாணப் பேனரும் ஒரே நாளில் வந்தன. இரண்டையும் சங்கையாதான் கட்டினான். கீழத்தெருப் பேனர் ஒரு முழம் மேலே நின்றது என்று மேலத்தெருக்காரன் கூப்பிட்டு அறைந்தான். இறக்கிக் கட்டியதற்குக் கீழத்தெருக்காரன் அறைந்தான். சங்கையா, "ரெண்டு பேரும் ஒங்க மூஞ்சிய நீங்களே தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, எனக்குக் கை வலிக்குது" என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு சொல்லுக்கு, ஒருத்தர் நிழலை ஒருத்தர் மிதிக்காத இரண்டு தெருவும் முதல் தடவையாக ஒன்றாகக் கூடி, இதே வேப்பமரத்தில் அவனைக் கட்டி அடித்தது. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான் நாங்கள் போன்களிலிருந்து வெளியே போனோம். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை, கேட்கிற வாயெல்லாம் அன்றைக்கு அங்கேதான் இருந்தது.

பெரியகாத்தான் மொக்கராசைப் பார்த்தார். மொக்கராசு பெரியகாத்தானைப் பார்த்தார். நாற்பது வருசத்தில் எத்தனையோ பார்வையைப் பார்த்திருக்கிறேன், விலை முடிந்துபோன பார்வை அது.

"தொறடா வாய" என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். மொக்கராசு பெட்டியைப் பிடித்தார், பெரியகாத்தான் கொக்கியைத் தட்டினார். ஒச்சம்மா கயிற்றுக் குவியலைத் தாண்டி ஓடிவந்தாள், "தொறக்காதீகய்யா, என் சாமிகளா, தொறக்காதீக" என்று, ஏழு மாதமாக யாரையும் சாமி என்று சொல்லாத வாய், ஆனால் நூறு ஆள் நடுவில் நின்று மறித்தது. எட்டுப் பல்லும் எண்ணிவிடுகிற அவசரத்தில் கதவை விரித்தார்கள். பங்குனி வெயில் உள்ளே போனது. உள்ளே பல் இல்லை. ஒரு சின்ன உருளையில் கறுப்புக் காகிதமும் சுருளுமாகக் கொஞ்சம் சுற்றியிருந்தது, அவ்வளவுதான்.

என் கை எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. தோளில் கிடந்த துண்டை உதறிப் பெட்டிமேல் போட்டேன், துண்டுக்குள் கையை விட்டேன், கதவைத் தேடி அமுக்கினேன். ஒரு காளை கொட்டாவி விட்டு மூடுகிற நேரம் இருக்கும்.

"போச்சு" என்றார் லூர்து. மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சுல்ல, விடு" என்றார் பெரியகாத்தான். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பல்லு இல்லாத மாடு. நமக்கு வேணாம்."

ஒச்சம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து துண்டோடு பெட்டியை என்னிடமிருந்து வாங்கினாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. லூர்து முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கயிற்றுக் கடைக்காரி குரலில் கேட்டாள்.

"அண்ணே, இது சுத்துறதுதான? கண்டு மாதிரி சுத்திச் சுத்தித்தான உள்ள போகுது?"

"ஆமா."

"மொத எடுத்தது எங்க இருக்கும்?"

லூர்து தலையைத் தூக்கினார்.

"கயித்துக் கண்டு மழையில நனஞ்சா வெளிச்சுத்துதான் நனையும்ணே. பத்துச் சுத்துக்கு அடியில இருக்கிறது வறண்டு கெடக்கும். மொதச் சுத்து உள்ள இருக்கும். அவரு உள்ள இருக்காரு. வெளிய பூராம் மாடுதான நிக்குது?"

மாட்டுக்காரர்களுக்குத் திறந்தால் எல்லாம் தெரிந்துவிடும். கயிறு சுற்றுகிறவளுக்குத்தான் திறந்தாலும் திறக்காத ஒன்று அடியில் இருப்பது தெரியும். லூர்து எழுந்தார், துண்டைப் பிரிக்காமலே பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார், பின்னால் ஒச்சம்மா போனாள், பின்னால் நான் போனேன், அதற்குப் பின்னால், வராமல் இருந்தால் எதிர்த்தெருக்காரன் முந்திப் பார்த்துவிடுவான் என்று பயந்து, இரண்டு தெருவும் வந்தது.

இருட்டறைக் கதவு சாத்தி இரண்டு மணி நேரம். வெளியே சந்தை நின்றது, மாடு வாங்க வந்தவன் மாட்டை மறந்து நின்றான். கதவு திறந்தபோது லூர்து கையில் ஒரு ஈரக் காகிதம் இருந்தது. மாடு பத்தும் வெள்ளையாகப் போயிருந்தன. முதல் படத்தில் வெளிச்சம் ஓரத்தில் நுழைந்து மேலேயும் கீழேயும் தின்றிருந்தது. தலைப்பாகை இல்லை, தோள் இல்லை, சட்டை இல்லை, பின்னாலிருந்த சுவர் இல்லை. தின்றது போக நடுவில் முகம் மட்டும் நின்றது. ஊரெல்லாம் முகமில்லாத சட்டையாக நிற்க, சட்டையில்லாத முகமாக ஒரே ஒரு ஆள்.

ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. உதடு கிழிந்து காய்ந்திருந்தது. திறந்திருந்த கண் நேராகப் பார்த்தது, யார் எங்கே நின்றாலும் அவர்களை.

ஒச்சம்மா வெகுநேரம் பார்த்தாள். கிழிந்த உதட்டை விரலால் தொட்டாள், ஈரம் ஒட்டியது.

"என்னைய விட்டுட்டு ஓடல" என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு திரும்பினாள். "கைய என்னண்ணே பண்ணிருந்தாய்ங்க?"

"முன்னாடி சேத்துத் துண்டு வச்சுக் கட்டிருந்துச்சு" என்றார் லூர்து. "நான்தான் அவுத்தேன். பச்சக்கரத் துண்டு. வாசல்ல எறிஞ்சேன், காலையில காணோம்."

சந்தையில் பச்சைக்கரைத் துண்டு ஒன்றுதான். அது அப்போது அவள் தோளில் கிடந்தது, பெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தது. அவள் அதன் கரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மடித்து என் கையில் கொடுத்தாள்.

வாசலில் பெரியகாத்தான் தொண்டையைக் கனைத்தார். "பொட்டி நல்ல பொட்டிதான். நமக்குத் தோதுப்படாது."

"பன்னெண்டுதான எடுக்கும்" என்றார் மொக்கராசு. "கட்டுபடியாகாது."

"சட்டையே போதும்."

"சட்டையே போதும்யா, ஆளு அடையாளம் தெரியாமலா போகுது?"

போதும் போதும் என்று கூட்டம் பின்பக்கமாகவே நடந்தது, அந்தக் கண்ணுக்கு முதுகைக் காட்டவும் பயந்து.

"அப்ப நான் வாங்குறேன்" என்றாள் ஒச்சம்மா. "சித்தப்பு, துண்டப் போடு."

துண்டுக்குள் மூன்று கை. அவள் கை கயிறு திரித்துத் திரித்துக் காய்த்த கை, லூர்து கை மருந்துத் தண்ணியில் ஊறி வெளுத்த கை, என் கை நாற்பது வருசம் அடுத்தவன் விரலையே பிடித்த கை. லூர்து பிடித்த விரலை நான் எந்தத் துண்டுக்குள்ளும் அதுவரை பிடித்ததில்லை, அதுக்கு மேல் சொல்ல மாட்டேன். மூன்று ரோலும் சேர்த்து, மீன் வாடையோடு, அவளுக்கு முடிந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் கடை விரிக்கவில்லை. போனில் இருந்த கட்டம் போட்ட சட்டையைப் பிரிண்டு எடுத்து, அதன் காலருக்கு மேலே முகத்தை வெட்டி ஒட்டி, மேற்கே போகிற லாரிக்காக வேப்பமரத்தடியில் வந்து நின்றாள். படத்தில் சங்கையா முழுசாக இருந்தான், சட்டை மடிப்புக் கலையாமல், கண் வீங்கி. இடுப்பு மடியில் கேமரா.

"சித்தப்பு, எந்திரி."

எழுந்தேன்.

"இந்த ரோல்ல பன்னெண்டு படம் இருக்கு. அடிச்ச கை எத்தனைன்னு எனக்குத் தெரியாது. திரும்பி வந்து ஒவ்வொன்னாக் கேட்டு எடுத்துக்கிறேன். கட்டுன துண்டு ஒன்னுதான், அத மொத எடுத்துர்றேன்."

"நான்தான தாயி கதவ அமுக்குனேன்" என்றேன். சொன்ன பிறகு என் காதுக்கே கேவலமாக இருந்தது.

"அமுக்குனதும் அந்தத் துண்டுதான். கட்டுனதும் அந்தத் துண்டுதான். ரெண்டையும் நீயே வச்சுக்க. தோள்லருந்து எறக்கிட்டு நில்லு."

எட்டடிக் கயிற்றின் ஒரு முனையை என் நெஞ்சில் வைத்துப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். குமிழை அமுக்கினாள், ஆமை தலையை நீட்டியது. சந்தையில் நின்ற அத்தனை பேரும் துண்டைத் தூக்கி முகத்தில் போர்த்திக்கொண்டார்கள், பெரியகாத்தானும் போர்த்தினார், மொக்கராசும் போர்த்தினார், ஊரே தனக்குள் பேரம் பேசுகிற மாதிரி இருந்தது. திறந்த முகத்தோடு நின்றது மாடுகளும் நானும்தான். துண்டு இல்லாத கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"சிரிக்காத" என்றாள். நான் சிரிக்கவில்லை. காளை காதை உதறுகிற அளவுக்கு ஒரு சத்தம் கேட்டது.

மேற்கே கம்பம் ஊருக்கு அந்தப் பக்கம் மலையடிவார டீக்கடை ஒன்றில் அவள் படத்தைக் காட்டியபோது, கடைக்காரர், "ஆமா, இந்த ஆளத் தெரியும், மூஞ்சி இதேதான், சட்டைதான் வேற" என்றாராம். லாரிக்காரன் வந்து சொன்னான். அன்றிலிருந்து எங்கள் சந்தையில் மேற்கே இருந்து எந்த லாரி வந்தாலும் துண்டுகள் மேலே ஏறுகின்றன. போன்களில் நாங்கள் இன்னும் வெறும் சட்டையாகத்தான் நிற்கிறோம், குறை ஒன்றும் இல்லை. ஆனால் எங்கேயோ ஒரு பெண்பிள்ளை இடுப்பில் அந்த ரோல் இருக்கிறது, இன்னும் பதினொரு முகத்துக்கு இடம் வைத்துக்கொண்டு. எல்லோருக்கும் முன்னால் அதில் சுற்றப்பட்டவன் நான். இனி எவன் போய் அந்தக் கதவைத் திறந்தாலும், வெளிச்சம் கடைசியாகத்தான் என்னிடம் வரும்.